ஹார்மோன் ஊசி போட்டால் ஹார்மோன் எப்படிக் குறையும்?

ஒரு ஹார்மோன் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் செல்கள் ஏன் அதைக் கண்டுகொள்ளாமல் போகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் இதையே என் அப்பா வேறு மாதிரி கேட்டார்.

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். டெஸ்டோஸ்டிரோன் இருக்கும்வரை அது வளரும். அதை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு லூப்ரோலைடு ஊசி. மருந்தோடு வந்த தாளை நான் படித்துச் சொன்னேன்: டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் ஜி.என்.ஆர்.ஹெச். ஹார்மோன் செய்வதையே செய்யும் மருந்து இது. "அப்ப எரியிற அடுப்புல எண்ணெய ஊத்துறாங்களாடா?" என்றார்.

நியாயமான பயம்தான். மூளையின் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி ஜி.என்.ஆர்.ஹெச்சை அனுப்பும், அது வந்ததும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும், அது விரைகளுக்குப் போய் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். ஆனால் ஹைப்போதாலமஸ் இடைவிடாமல் ஒழுகவிடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வீச்சு, அப்புறம் அமைதி. அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. உடலியல் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் க்னோபிலின் குழு 1978இல் வெளியிட்ட ஆய்வில், ரீசஸ் குரங்குகளின் ஹைப்போதாலமஸில் ஜி.என்.ஆர்.ஹெச்சைச் சுரக்கும் பகுதியை அழித்துவிட்டு, ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மணிக்கு ஒருமுறை, 6 நிமிடம் மட்டும் செலுத்தியபோது எல்.ஹெச். நன்றாகச் சுரந்தது. நிறுத்தாமல் செலுத்தியபோது படுத்துவிட்டது.

அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டர். இதைச் சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "ஒரு விசில்னா நிறுத்தணும், ரெண்டு விசில்னா கெளம்பணும். நிறுத்தாம ஊதிக்கிட்டே வந்தா டிரைவர் காதுல வாங்குவாரா?"

கிட்டத்தட்ட அதுதான். ஆனால் பிட்யூட்டரி செல் காதைப் பொத்திக்கொள்வதோடு நிற்பதில்லை, காதையே கழற்றி உள்ளே வைத்துவிடுகிறது. அந்தக் காதுதான் ஏற்பி, ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதம். ஹார்மோன் வந்து ஒட்டிய ஏற்பியைச் செல் தன் சவ்வோடு மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சில ஏற்பிகள் மேலே திரும்பும், சில உள்ளேயே சிதைக்கப்படும். ஹார்மோன் விட்டுவிட்டு வந்தால் இடைவெளியில் கணக்கு நேராகிவிடும். லூப்ரோலைடு எளிதில் சிதையாதபடி மாற்றியமைத்த மருந்து, அதுவும் மாதக்கணக்கில் மெல்லக் கசிகிறது. இடைவெளியே கிடைக்காததால் மேற்பரப்பில் ஏற்பிகள் குறைந்துகொண்டே போகின்றன. மிச்சமிருப்பவற்றின் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களும் மந்தமாகின்றன.

இது உடனே நடப்பதில்லை. அட்ரினலின் போன்றவற்றின் ஏற்பிகளுக்குச் செல்லுக்குள் நீளும் ஒரு வால் உண்டு. அதில் பாஸ்பேட் ஏறி, அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி, சில நிமிடங்களிலேயே ஏற்பியை அடக்கிவிடும். மனிதனின் ஜி.என்.ஆர்.ஹெச். ஏற்பிக்கு அந்த வால் கிடையாது, மெதுவாகத்தான் மரக்கும். அதனால் அப்பாவின் எண்ணெய்ப் பயம் முதல் ஒரு வாரத்துக்கு உண்மைதான்! டெஸ்டோஸ்டிரோன் முதலில் ஏறும், மூன்று நான்கு வாரத்தில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு அந்த ஏற்றம் வலியைக் கூட்டலாம். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே பைகலூட்டமைடு மாத்திரை எழுதியிருந்ததைப் பார்த்து, தேதி தப்பாகிவிட்டதென்று நான் மருந்துக்கடையில் வாக்குவாதம் செய்தேன். தப்பு என்னுடையது. அந்த ஏற்றம் புற்றுசெல்லை எட்டாமல் தடுக்கத்தான் அது.

இன்சுலினிலும் இது உண்டு. செல்களை இன்சுலினில் ஊறவைத்தால் அவற்றின் ஏற்பிகள் குறைவதை 1974இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் சர்க்கரை நோய்க்கு இது ஒன்றே காரணம் என்று காணொளிகளில் சொல்வதை நம்பாதீர்கள். அங்கே ஏற்பியைத் தாண்டி உள்ளே நடக்கும் கோளாறுதான் பெரிது.

அப்பாவுக்கு இரண்டாவது மாதம் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, புராஸ்டேட் புற்றுநோயின் போக்கைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவான பி.எஸ்.ஏ.வும் இறங்கியது. கூடவே இன்னொன்றும் வந்தது. மார்கழி விடியற்காலையில் திடீரென்று உடம்பு கொதித்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறார். மாதவிடாய் நின்ற காலத்தில் அம்மா பட்டது இதேதான். "அன்னிக்கு நான் சொன்னப்ப வெயிலுன்னு சொன்னீங்களே" என்று விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போகிறார் அம்மா.