பதில்: துர்பான் நிலையத்திலிருந்து விடுதி 50 கிலோமீட்டரா?

சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உள்ள துர்பானுக்குப் போகிறீர்கள்; ரயில் நிலையத்திலிருந்து விடுதி 50 கிலோமீட்டர் என்று வரைபடம் காட்டுகிறதே, சரியா என்று கேட்டிருந்தீர்கள். வரைபடம் சரியாகத்தான் காட்டுகிறது. சின்ஜியாங்கின் தலைநகர் உரும்ச்சியிலிருந்து நீங்கள் போட்டிருப்பது ‘துர்பான்’ நிலையத்துக்கான டிக்கெட்டாக இருக்கும். பழைய பாதையில் உள்ள அந்த நிலையம் இருப்பது தாஹேயான் என்ற ஊரில். அங்கிருந்து நகரத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனச் சாலை. உங்களுக்கு வேண்டியது ‘துர்பான் வடக்கு’. 2014-இல் வந்த அதிவேகப் பாதையில், நகரத்தை ஒட்டியே இருக்கிறது.

டிக்கெட்டில் ஊர்ப்பெயரோடு ‘பெய்’ (வடக்கு) என்று சேர்ந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். வடக்கு நிலையத்துக்குப் பயணமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்.

ஒன்று கவனம்: ரயில் நேரம் எல்லாம் பெய்ஜிங் நேரம். உள்ளூர் உய்குர் மக்கள் பலர் அதற்கு இரண்டு மணி நேரம் பின்தங்கிய சின்ஜியாங் நேரத்தில் பேசுவார்கள். வண்டிக்காரரிடம் ‘காலை எட்டு’ என்றால் எந்த எட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஜூலையில் போகிறீர்கள் என்றால் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஜியாவோஹே என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளில் நிழலே கிடையாது, விடிந்ததும் போய்விடுங்கள். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசிதான் சரி. அப்போது திராட்சை அறுவடை நடக்கும். சுவர் முழுக்க ஓட்டை விட்டுக் கட்டிய மண்செங்கல் வீடுகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள். வெயில் படாமல் சூடான காற்றிலேயே காய்வதால்தான் அந்த உலர்திராட்சை பச்சை நிறம் மாறாமல் இருக்கிறது.