வாசகர் கேள்வி பதில்: திட்டக் குழுவின் முன் ஒரு நில வரைபடம்

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டிய மேட்டு நிலத்தை மனைகளாகப் பிரித்து வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் நகரத் திட்டக் குழுவிடம் விண்ணப்பித்திருக்கிறது. உறுப்பினர்கள் கூடி, வரைபடத்தைப் பார்த்து வாக்களிப்பதுதான் ஆய்வா? அதற்கு முன்பே வேறு ஏதேனும் நடக்கிறதா?

பதில்: வாக்களிப்பு என்பது பல மாத வேலையின் கடைசி அரை மணி நேரம். முறையாக இயங்கும் குழுக்களில் விண்ணப்பதாரர் முழு வரைபடம் தயாரிப்பதற்கு முன்பே, நில எல்லையும் உத்தேசச் சாலையும் மட்டும் குறித்த ஒரு மாதிரிப் படத்துடன் வந்து பேசுகிறார். ஓடை எந்தப் பக்கம் போகிறது, சரிவு எவ்வளவு, சாலை எங்கே வந்து சேரும் என்ற கேள்விகள் அப்போதே எழுந்துவிட்டால், மனைகளை இடம் மாற்றிப் போடுவது எளிது. பொறியாளரைக் கொண்டு ஐம்பது தாள்களில் எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகு, ஒரு கோட்டை நகர்த்தக்கூட யாருக்கும் மனம் வராது. இந்த முதற்கட்டத்தையே நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் கோட்டை விடுவதும் இதைத்தான்.

அடுத்து, விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கப்படும். இது வெறும் எழுத்தர் வேலை அல்ல, ஏனெனில் முழுமையானது என்று ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் பல இடங்களில் சட்டப்படியான காலக்கெடு ஓடத் தொடங்குகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சிற்றூர்களில், மனைப்பிரிவு விண்ணப்பம் முழுமையாக வந்து சேர்ந்த 62 நாட்களுக்குள் பொதுமக்கள் கருத்துக் கேட்பையும், அது முடிந்த 62 நாட்களுக்குள் முடிவையும் குழு நடத்தி முடிக்க வேண்டும் என்பது பொது விதி. தவறினால் ஒப்புதல் தந்ததாகவே கருதப்படும். அதனால்தான் மண் பரிசோதனை அறிக்கையோ வடிகால் கணக்கோ இல்லாத விண்ணப்பத்தைப் பொறுப்புள்ள குழு ஏற்காமல் திருப்பி அனுப்புகிறது. அதைத் தாமதம் என்று குறை சொல்வது சரியல்ல.

அதன் பிறகு வரைபடம் துறை துறையாகச் சுற்றுக்குப் போகிறது. தீயணைப்புத் துறை, தன் வண்டி தெருக்கோடியில் திரும்ப இடம் உண்டா என்று பார்க்கும். சாலைத் துறை, புதிய சாலை முதன்மைச் சாலையைத் தொடும் இடத்தில் இரு பக்கமும் வரும் வாகனம் போதிய தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியுமா என்று அளக்கும். குடிநீர், கழிவுநீர் பொறுப்பாளர்கள் குழாயின் கொள்ளளவைப் பார்ப்பார்கள். நிலம் அண்டை ஊரின் எல்லைக்கு அருகில் இருந்தால் மேல்மட்ட அமைப்பின் கருத்தும் தேவைப்படலாம். நியூயார்க்கில் அந்தத் தூரம் 500 அடி, மாவட்ட அமைப்பு எதிர்த்தால் ஊர்க் குழு சாதாரணப் பெரும்பான்மைக்கு மேல் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றால்தான் அதை மீற முடியும். இத்தனை குறிப்புகளும் கோப்பில் சேர்ந்த பிறகே கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் பொருள் இருக்கும்.

கேள்வி: மேட்டில் வீடுகள் வந்தால் மழைநீர் கீழே உள்ள எங்கள் வீடுகளுக்கு வரும் என்று அஞ்சுகிறோம். “இப்போது ஓடும் நீரைவிட அதிகமாக ஓடாது” என்று அவர்களுடைய அறிக்கை சொல்கிறது. அதை நம்பலாமா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. அந்த வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது இரண்டரை லட்சம் லிட்டர் நீர். மண்ணும் மரமும் இருக்கும் வரை அதில் பெரும்பகுதி ஊறிப்போகும். கூரையும் தாரும் மூடிய பிறகு ஏறக்குறைய முழுவதும் ஓடத் தொடங்கும். ஆகவே பொறியாளர் ஒரு தேக்கக் குட்டையை வரைந்து, நீரைப் பிடித்து, சிறிய திறப்பின் வழியே மெல்ல விடுகிறார். அறிக்கை உறுதி தருவது உச்ச வேகத்துக்கு, அதாவது ஒரு நொடியில் வெளியேறும் நீரின் அளவுக்கு. மொத்த நீர் கூடத்தான் செய்யும். முன்பு ஒரு மணி நேரம் ஓடிய ஓடை இனி நாள் முழுவதும் ஓடிக் கரையை அரிக்கலாம். மேலே இருந்து வரும் மற்றொரு கிளையின் உச்சமும் குட்டையிலிருந்து தாமதித்து வரும் நீரும் கீழே ஒரே நேரத்தில் சேர்ந்தால், கணக்கில் குறைந்த வெள்ளம் களத்தில் கூடவும் செய்யலாம்.

எனவே நீங்கள் கேட்க வேண்டியது, கணக்கு நில எல்லையோடு நின்றுவிட்டதா, உங்கள் தெருவின் மதகு வரை போனதா என்பது. மண்ணில் நீரை ஊறவிடும் ஏற்பாடு இருந்தால், பரிசோதனைக் குழிகளை எந்தப் பருவத்தில் தோண்டினார்கள் என்றும் கேளுங்கள். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் வறண்ட மாதத்தில் எடுத்த அளவு மழைக்காலத்துக்குப் பொருந்தாது. “நூறாண்டு மழை” என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. அது நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை தவறாமல் வரும் மழை அல்ல, எந்த ஓர் ஆண்டிலும் நூற்றுக்கு ஒன்று வாய்ப்புள்ள மழை. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அது ஒரு முறையாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு.

கேள்வி: இருநூறு பேர் கையெழுத்திட்டு எதிர்ப்பு மனு கொடுத்தும் குழு ஒப்புதல் தந்துவிட்டது. மக்கள் குரலுக்கு மதிப்பே இல்லையா?

பதில்: உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, ஆனால் கையெழுத்துகளை எண்ணி முடிவெடுக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. அந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதை, நிலப் பயன்பாட்டு மண்டலங்களை வகுத்த போதே ஊரின் மன்றம் தீர்மானித்துவிட்டது. மண்டல விதிக்குப் பொருந்தும் ஒரு விண்ணப்பத்தை, அது பலருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நிராகரித்தால், நீதிமன்றத்தில் அந்த முடிவு நிற்காது. குழு பார்க்கக்கூடியது எழுதப்பட்ட அளவுகோல்களையும் கோப்பில் உள்ள சான்றுகளையும்தான். இங்கிலாந்தில் தனியொரு வீட்டின் காட்சி மறைவதும் சொத்து மதிப்பு குறைவதும் பொதுவாகக் கருத்தில் கொள்ளத்தக்க காரணங்களாக ஏற்கப்படுவதில்லை. போக்குவரத்து, இரைச்சல், அண்டை வீட்டின் வெளிச்சம் குறைவது ஆகியவை ஏற்கப்படுகின்றன.

அதே வரம்பு விண்ணப்பதாரருக்கும் பாதுகாப்பாக நிற்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டைகார்ட் என்ற நகரம், கடையை விரிவாக்க விண்ணப்பித்த ஓர் உரிமையாளரிடம், ஓடையோர நிலத்தையும் மிதிவண்டிப் பாதைக்கான பகுதியையும் விட்டுத்தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 1994இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கேட்கப்படும் நிலம் அந்தக் கட்டுமானம் விளைவிக்கும் பாதிப்புக்கு ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும் என்றும், அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு நகரத்துடையது என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே “வேண்டாம்” என்ற இருநூறு கையெழுத்தைவிட, “பதினேழாம் தாளில் காட்டியுள்ள சாலைச் சரிவு விதியில் உள்ள வரம்பை மீறுகிறது” என்ற ஒரு கடிதம் குழுவின் கையில் பயனுள்ள கருவி. அக்கடிதத்துக்கு விண்ணப்பதாரரின் பொறியாளர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் போதாவிட்டால் குழு தாளைத் திருத்தச் சொல்லும்.

கேள்வி: குழு உறுப்பினர் ஒருவர் எங்களுக்கு அறிமுகமானவர். அவரை வீட்டில் சந்தித்து எங்கள் தரப்பைச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். மறுதரப்புக்குத் தெரியாமல் கேட்டதை வைத்து ஓர் உறுப்பினர் வாக்களித்தால், முடிவையே ரத்து செய்ய அது காரணமாகலாம். அவர் அந்த விவாதத்திலிருந்து விலக நேர்ந்தால், உங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கக்கூடிய ஒரு வாக்கும் போய்விடும். எழுதிக் கோப்பில் சேருங்கள்.

கேள்வி: ஒப்புதலோடு முப்பதுக்கும் மேற்பட்ட நிபந்தனைகள் விதித்திருக்கிறார்கள். அவற்றை யார் கவனிப்பார்கள்?

பதில்: என் பார்வையில் திட்டங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். சாலை, வடிகால், மரம் நடுதல் ஆகியவற்றை முடிக்கும் வரை ஒரு வங்கி உத்தரவாதத்தை ஊரிடம் ஒப்படைக்கச் சொல்வது நடைமுறை. வேலை பாதியில் நின்றால் அந்தப் பணத்தில் ஊரே முடித்துக்கொள்ளலாம். ஆனால் வேலை முடியுமுன் உத்தரவாதத்தை விடுவித்துவிட்டால், பிடிமானம் எதுவும் மிஞ்சாது. முடிவு ஆவணத்தின் நகலை வாங்குங்கள். ஒவ்வொரு நிபந்தனையும் எந்தக் கட்டத்துக்கு முன் நிறைவேற வேண்டும், யார் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தேக்கக் குட்டையைக் கட்டி முடித்த பின் அளந்து வரைந்த படத்தை, முதலில் ஒப்புதல் பெற்ற படத்தோடு ஒப்பிட்ட அறிக்கையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். குட்டையில் சேரும் வண்டலை ஆண்டுதோறும் வாரும் பொறுப்பு ஊருடையதா, மனை வாங்குவோரின் சங்கத்துடையதா என்பதை உத்தரவாதம் விடுவிக்கப்படும் கூட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.