பற்றாக்குறையில் ஒரு க்

கேள்வி: விமானிகளுக்கு உண்மையிலேயே பற்றாக்குறையா? மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். பைலட் ஆகியே தீருவேன் என்கிறான். இரண்டு ஏக்கரை விற்றுப் படிக்கவைக்கலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் கடிதத்தில் ‘பற்றாகுறை’ என்று இருந்தது. க் போட்டுத்தான் மேலே அச்சடித்திருக்கிறோம். இந்த ஒரு க்குக்காக எங்கள் பழைய புரூஃப் ரீடரோடு எட்டு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன். நான் போடுவேன், அவர் அடிப்பார். ‘பற்றாத குறை’யில் கடைசி ‘த’ தொலைந்துபோனதால் இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், செல்லாக்காசு மாதிரி க் வந்தே தீரும் என்று இலக்கணம் சொன்னால், “ஈறு கெட்டது உங்களுக்குத்தான் சார், பல் டாக்டரைப் பாருங்கள்” என்பார். அவர் ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் க் போடும்போது ஒரு தடவை வாசலைப் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, பற்றாக்குறை. பேச்சில் ‘பத்தாது’. இந்தச் சொல்லில் ஒரு சௌகரியம் உண்டு. பத்தவில்லை என்று சொல்லிவிட்டால், கணக்குப் போட்டது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் மூன்றாம் பந்திக்கு சாம்பார் பத்தவில்லை. சமையல் மாஸ்டர் அசரவில்லை. அடுப்பில் தயாராக ஒரு அண்டா வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாளி மொண்டு ஊற்றி, பெருங்காயத்தைக் கரைத்துவிட்டு, பந்திக்கு அனுப்பிவிட்டார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து, “ரசம் பிரமாதம், சாம்பார் எப்போ வரும்?” என்று கேட்டார். மாஸ்டரைப் பிடித்தேன். “கூட்டம் ஜாஸ்தி சார்” என்றார். முந்நூறு பேர் என்று சொல்லியிருந்தேன். முந்நூறு பேர்தான் வந்தார்கள்.

விமானக் கம்பெனிகள் ரொம்ப நாள் இந்த வெந்நீர் வித்தையில்தான் காலத்தை ஓட்டின. ஆள் எடுப்பதற்குப் பதில், இருக்கிற ஆளை நீட்டுவது. தூக்கம் கெட்ட விமானி வெந்நீர் ஊற்றிய சாம்பார் மாதிரி இல்லை, இங்கே இலையில் உட்கார்ந்திருப்பது நாம். அதனால்தான் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2024 ஜனவரியில் புது விதி கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகும், இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறையும். கம்பெனிகள் கூப்பாடு போட்டன, விதி தள்ளிப்போனது, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 நவம்பர் 1-ல் முழுசாக அமலுக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷ அவகாசம்! டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ படுத்துவிட்டது. 5-ம் தேதி ஒரே நாளில் 1,000 விமானங்களுக்கு மேல் ரத்து. எங்கள் தமிழ் வாத்தியார் இருந்திருந்தால் பொய்யாமொழி, வாடாமலர் வரிசையில் ‘பறக்காவிமானம்’ என்று ஒன்று சேர்த்திருப்பார்.

அப்போது வெளியான கணக்கைப் பாருங்கள். புது விதிப்படி அந்தக் கம்பெனியின் ஏர்பஸ் விமானங்களுக்குத் தேவைப்பட்ட கேப்டன்கள் 2,422 பேர். இருந்தது 2,357. துண்டு விழுந்தது 65. பக்கத்துச் சீட்டில் உட்காரும் ஃபர்ஸ்ட் ஆபீசர்கள்? தேவை 2,153, இருந்தது 2,194. 41 பேர் உபரி! இத்தனை கலாட்டாவிலும் வலது பக்க நாற்காலிக்கு ஆள் மிச்சம். அரசு என்ன செய்தது? இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. மாஸ்டருக்கு மறுபடியும் ஒரு அண்டா வெந்நீர்.

உங்கள் மகன் படித்து முடித்துப் போய் நிற்கப்போவது அந்த உபரி வரிசையில். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தால் போதும். கேப்டன் ஆக வேண்டும் என்றால் அதற்கு மேல் ஒரு லைசென்ஸ், அதற்கு 1,500 மணி நேரம். அந்த மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது, யாராவது வேலை கொடுத்தால்தான் சேரும். வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் வெங்காயத்துக்குத்தான் மவுசு. இங்கே ‘தட்டுப்பாடான சரக்கு’ ஐம்பது லட்சத்துக்கு மேல் செலவழித்து, குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் பயிற்சிக்குப் பெரும்பாலும் தன் கைக்காசையே தனியாகக் கட்டி, பிறகு கூப்பிடுவார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

தேறி உள்ளே போனவர்களையாவது விடுகிறார்களா? 2017-ல் கொண்டுவந்த விதிப்படி கேப்டன் வேலையை விட்டுப் போக 12 மாத நோட்டீஸ், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 6 மாதம். 2023-ல் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் 43 விமானிகள் போய்விட்டார்கள் என்று ஆகாசா ஏர் கோர்ட்டுக்கே போனது. சம்பளத்தைக் கூட்டிப் பிடித்து வைப்பதைவிட வக்கீல் மலிவு போலிருக்கிறது. என் பத்திரிகையில் உதவி ஆசிரியர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது எனக்கும் கோர்ட் ஞாபகம் வந்தது. அவருக்குத் தரவேண்டிய சம்பளப் பாக்கி ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டேன்.

நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புரோக்கரைப் பார்க்கும் முன் பையனை டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் கூட்டிப்போங்கள். முதலில் கிளாஸ் டூ, அப்புறம் கிளாஸ் ஒன் என்று இரண்டு மெடிக்கல். கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். பலர் ஃபீஸைக் கட்டிவிட்டுத்தான் இதற்குப் போகிறார்கள். அதில் தேறாவிட்டால் இரண்டு ஏக்கராவது மிஞ்சும்.