பால்மரமும் மேப்பிளும்

கேள்வி: அக்கா, அக்டோபரில் டொரோண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். இலை உதிரும் நேரத்தில் தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கும்? மேப்பிள் கன்று ஒன்று கொண்டுவந்து வாசலில் வைக்கலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நல்ல நேரத்தில்தான் போகிறீர்கள் அம்மா! நானும் ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள். பிப்ரவரியில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், செம்பு நிறமாகிவிடும். சருகு நொறுங்க நொறுங்க அம்மா பின்னாலேயே நிரைக்கு (மர வரிசைக்கு) நடந்தது இன்னும் காதில் கேட்கிறது. நம் மரம் வறண்ட பருவத்தில் உதிர்க்கிறது. அங்கே பகல் குறைந்து குளிர் ஏறுவதால் உதிர்கிறது. பச்சையம் சிதைந்ததும், இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு அப்படியல்ல, இலையில் தங்கும் சர்க்கரையிலிருந்து அப்போதுதான் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் நிறம் தூக்கும். ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நரம்போரம் கொஞ்சம் பச்சை ஒட்டியிருக்கும்.

பூவும் உண்டு: ஆஸ்டர், சீடம், செவந்தி. இரவு நீண்டால்தான் செவந்தி மொட்டுவிடும். சீடம் காய்ந்தாலும் மகள் அதை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் பனி உட்காரும் அழகே தனி.

கன்று வேண்டாம். மேப்பிளுக்குக் குளிர்கால உறக்கம் தேவை, நம் வெக்கையில் தேறாது. வாசலில் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) வையுங்கள். உதிருமுன் அதன் இலையும் ரத்தச் சிவப்பாகும். பெரிய மரம், கூரையிலிருந்து தள்ளியே வையுங்கள்.