ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள் எப்படி?

ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த கட்டுரையில் 5,154 பெயர்கள் இருக்கின்றனவே, அத்தனை பேருமா எழுதினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உட்கார்ந்து எழுதியவர்கள் சிலர்தான். ஆனால் அந்த அளவீடு எல்லோருடைய உழைப்பு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்கள் மோதுகின்றன. அந்த மோதல்களில் உருவாகும் ஹிக்ஸ் போன்ற துகள்களின் தடயங்களை அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு ராட்சதக் கருவிகள் பதிவு செய்கின்றன. சிஎம்எஸ் மட்டுமே 14,000 டன். பாகங்களைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் செய்து கொண்டுவந்து பொருத்தின. கருவியைக் கட்டியவர், மென்பொருள் எழுதியவர், ராத்திரி ஷிப்டில் கண்காணித்தவர், இவர்களில் யாரை விடுவது? அட்லஸில் பெயர் வர வேண்டுமென்றால் முதலில் ஏறக்குறைய ஓராண்டு இப்படிப்பட்ட பொதுவேலை செய்து தகுதி பெற வேண்டும். கட்டுரையின் 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான்.

சரி, எதற்கு இரண்டு கருவிகள்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இரண்டின் வடிவமைப்பும் வேறு, குழுக்களும் வேறு. ஒன்றில் நேரும் பிழை மற்றதிலும் அப்படியே வராது. தனித்தனியாக அளந்த பிறகே இரு தரவுகளையும் சேர்த்தார்கள். கிடைத்த விடை, துகள்களின் நிறையைச் சொல்லும் அலகில், 125.09 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஒரு புரோட்டானைப்போல் சுமார் 133 மடங்கு நிறை.