பழைய பெட்ரோல் டேங்கை வெட்டி டூல்ஸ் பெட்டி ஆக்கலாமா?

கேள்வி: என்னிடம் 1970 மாடல் செவ்ரோலெட் சி10 பிக்கப் இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் சேஸிஸுக்கு நடுவே புது டேங்க் மாட்டியாகிவிட்டது. பழைய டேங்க் ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. அதன் மேல்பக்கத்தை வெட்டி, கீல் வைத்து மூடி போட்டு, அதே இடத்தில் ஸ்பேனர், ஜாக்கி வைக்கும் பெட்டியாக மாட்ட ஆசை. தண்ணீர் விட்டு அலசினால் போதும், தாராளமாக வெட்டலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். டேங்கைத் தொடாதீர்கள். அது இருந்த இடத்தை மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

காலி டேங்க்தானே என்ற தைரியம்தான் இதில் ஆளைக் கொல்கிறது. எரிவது திரவமல்ல, ஆவி. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும். உங்கள் டேங்க் ஏறக்குறைய 75 லிட்டர் பிடிக்கும். அத்தனை இடத்தையும் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு தேக்கரண்டி பெட்ரோல் ஆவியானால் போதும். அந்தத் தேக்கரண்டி எங்கே இருக்கும்? தகடுகளை மடித்து ஒட்டிய விளிம்புக்குள், உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டின் இடுக்கில், துருச் செதிலுக்கு அடியில். அலசும் தண்ணீர் அங்கெல்லாம் போகாது. காலையில் மோந்து பார்த்தால் வாசனையே இருக்காது. கிரைண்டர் பிடித்துத் தகடு சூடேறியதும் இடுக்கில் இருப்பது ஆவியாகிக் கிளம்பும்.

டீசல் டேங்காக இருந்தால் பரவாயில்லையா என்று அடுத்த கேள்வி வரும். பரவாயில்லை என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். வெட்டும் சூட்டில் டீசலும் ஆவியாகும்.

'கழுவிச் சுத்தம் செய்த டேங்க், சான்றிதழோடு தருகிறோம்' என்று வரும் இடைத்தரகர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். அந்தக் காகிதத்தின் மதிப்பு, கையெழுத்துப் போட்ட அந்த நிமிடத்தோடு சரி. மறுநாள் வெயிலில் கிடந்தால் உள்ளே ஆவி மறுபடி சேர்ந்திருக்கும். இன்னொரு கூட்டம் உங்கள் டேங்கையே குறிவைக்கும். 'ஓட்டை டப்பா, எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்று காயலான்கடை விலைக்கு வாங்கி, ஒரிஜினலாகவே வண்டியை மீட்டெடுக்க நினைப்பவரிடம் பல மடங்குக்கு விற்பார்கள். சி10-இல் 1967 முதல் 1972 வரைதான் இந்த உடலமைப்பு. 1973-இல் வந்த அடுத்த தலைமுறையில் டேங்க் கேபினை விட்டு வெளியேறி, சேஸிஸின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. அதற்கும் பிறகு பக்கவாட்டு மோதலில் தீப்பிடிக்கிறது என்று பெரிய வழக்குகள் வந்தன. அது வேறு கதை. ஆக, முழுசாக இருக்கும் உங்கள் டேங்கைத் தேடுகிறவர் இருக்கிறார். வெட்டினால் அது வெறும் தகரம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு: எரிபொருளே படாத, மாட்டாமலே கிடந்த புது டேங்க். ஆனால் 'படவே இல்லை' என்பதை யார் சொல்கிறார்கள்? விற்பவர். நீங்களே பாருங்கள். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை மாட்டும் துளையைச் சுற்றி கேஸ்கெட் அழுந்திய தடம் இருக்கிறதா, திருகாணி மரையில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, விளக்கடித்துப் பார்த்தால் உட்சுவர் முழுக்க ஒரே சாம்பல் நிறமா அல்லது அடியில் பழுப்புக் கோடு தெரிகிறதா? கோடு தெரிந்தால் பெட்ரோல் நின்றிருக்கிறது, பேச்சே இல்லை. எதுவும் தெரியாவிட்டாலும், கசிவு பார்க்க யாராவது மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கலாம். அதுவும் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து டேங்க் தகட்டுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு போடுவார்கள். அதில் பெரும்பங்கு ஈயம். கிரைண்டரும் எமரித் தாளும் போட்டால் ஈயத்தூசி நுரையீரலுக்குள் போகும், ஆகவே கைக்கத்திரியால்தான் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு மேல்தகடு போன டேங்க் கையால் அழுத்தினாலே நெளியும், உள்ளே தடுப்புத் தகடு வேறு இடத்தை அடைக்கும். இத்தனை பாடும் பட்டு, கிடைத்தற்கரிய புது டேங்கைக் கெடுத்து, ஸ்பேனர்கூட நேராக வைக்க முடியாத ஒரு பெட்டி கிடைக்கும்.

சரி, என்ன செய்யலாம்? பழைய பொருளையே பயன்படுத்த வேண்டுமென்றால் ராணுவத் தோட்டாப் பெட்டி நல்லது; கெட்டித் தகடு, மூடியில் ரப்பர் விளிம்பு. பழைய லாரியின் இரும்பு டூல்ஸ் பெட்டியும் சரி. பழைய பேட்டரிப் பெட்டி என்றால் சமையல் சோடா கரைசலில் நுரை அடங்கும்வரை கழுவிவிட்டு எடுங்கள்.

பெட்டி எது என்பதைவிட அதை எதில் கட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பலமான மோதலில் 20 கிலோ டூல்ஸ் ஒரு கணம் 400 கிலோ எடையாக முன்னே பாயும். உங்கள் சீட்டின் சாய்மானம் முன்பக்கம் மடங்கக்கூடியது. அது எதையும் தடுக்காது. டேங்கைப் பிடித்திருந்த போல்ட் துளைகளையே பயன்படுத்துங்கள். முதலில் அந்தத் துளையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தளத்தகட்டைச் சரிசெய்யாமல் பெட்டி வேண்டாம். தலையில் 8.8 என்ற வலிமை முத்திரை உள்ள 10 மி.மீ. போல்ட், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு 3 மி.மீ. தகடு வைத்து முடுக்குங்கள். தகரத் திருகாணி நாலு போட்டு 'கிண்ணென்று நிற்கிறது பாருங்கள்' என்று காட்டுவார்கள். நிற்கும், வண்டி நிற்கும்வரை. ஜாக்கி கனமானது, அதைத் தரையோடு தனியே கட்டுங்கள். பெட்ரோல் கேனும் ஸ்ப்ரே டப்பாக்களும் கேபினுக்குள் கூடவே கூடாது.

அனுமதி விஷயம் ஊருக்கு ஊர் மாறும். டேங்க் இடம் மாறியதைப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பிரதிபலிப்பானின் நிறத்தையும் நம்பர் பிளேட்டின் எழுத்து உயரத்தையும் அளந்து பார்க்கும் அதிகாரிகள், ஓட்டுநரின் பிடரிக்குப் பின்னால் 20 கிலோ இரும்பு எதில் தொங்குகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம். ஆகவே அந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதை வைத்துப் பெட்டி பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெட்டியை மாட்டுவதற்கு முன் இரண்டு வேலை. கேபின் பக்கத்தில் பெட்ரோல் ஊற்றும் வாய் இருந்த துளையை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள், இல்லையென்றால் மழைநீர் நேரே பெட்டிக்கு அடியில் தேங்கும். பழைய மிதவைக்குப் போன ஒயர் சும்மா தொங்கினால் முனையை மூடிக் கட்டுங்கள். அது பாடியில் உரசினால் மீட்டர் முள் காலி என்று காட்டும், பழி புது டேங்கின் மேல் விழும்.