பல வருடம் எதுவும் எழுதாமல் நின்றுவிட்ட இசையமைப்பாளர் யாராவது முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார். மேற்கத்திய செவ்வியல் இசை எழுதும் டென்மார்க்கின் ஹான்ஸ் அப்ரஹாம்சன்.

1952ல் கோபன்ஹேகனை ஒட்டிய ஊரில் பிறந்தவர். பிறவியிலேயே வலது கை முழுதாக இயங்காது. அவர் படித்த வாத்தியம் பிரெஞ்சு ஹார்ன் என்ற ஊதுகுழல், அதன் வால்வுகளை அழுத்த இடது கை விரல்கள் போதும். அப்புறம் டென்மார்க்கின் இன்னொரு இசையமைப்பாளரான பெர் நோர்கோரிடம் இசையமைப்பு கற்றார். முப்பது வயது ஆவதற்குள் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவர் இசையை வாசித்துவிட்டது.

1990 வாக்கில் எல்லாம் நின்றுபோனது. கிட்டத்தட்ட எட்டு வருடம் சொந்தமாக ஏறக்குறைய எதுவுமே வரவில்லை, எதிரில் இருக்கும் வெள்ளைத்தாளே தன்னை முடக்கிப் போட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் வேலையை விடவில்லை. மற்றவர்களின் இசையை எடுத்து வேறு வாத்தியங்களுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார், அதில் பழைய ஜெர்மன் மேதை பாக்கின் கானன்களும் உண்டு. கானன் என்றால் ஒருவர் தொடங்கிய மெட்டை இன்னொருவர் சற்றுத் தள்ளி அப்படியே பின்தொடர்வது. அந்தக் கானன்களையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததில்தான் அவருக்கு ஒரு வழி திறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் 2008ல் அரங்கேறிய 'ஷ்னே' (ஜெர்மனில் பனி என்று பொருள்) பத்துக் கானன்களால் ஆனது.

ஒன்பது பேர் வாசிக்கும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படைப்பு அது. முதலில் கேட்டபோது ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். வயலின் காதுக்கு எட்டும் எல்லையில், கீச்சென்று ஒரே ஸ்வரத்தை மெதுவாகத் தொட்டுக்கொண்டிருக்கும், கீழே பியானோ தயங்கித் தயங்கி வரும். இடையில் சரசரவென்று ஒரு சத்தம், அது தாள வாத்தியக்காரர் காகிதத்தைத் தேய்ப்பது. எட்டு வருடம் அவரை முடக்கிய அதே காகிதம் இங்கே வாத்தியமாகிவிட்டது என்று தோன்றியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் இரண்டு கானன்கள் ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடம் போல நீளும், போகப்போகச் சுருங்கி, கடைசி இரண்டும் தலா ஒரு நிமிடம்தான்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. 2013ல் சோப்ரானோ பாடகி பார்பரா ஹன்னிகன் பாட, பெர்லினில் 'லெட் மீ டெல் யூ'. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் ஒஃபீலியா பேசும் சில நூறு சொற்களை மட்டுமே வைத்து எழுதிய பாடல்கள் அவை, 2016ல் இசையமைப்புக்கான க்ராவேமயர் விருது வாங்கின. அதே வருடம் இடது கைக்கு மட்டுமான பியானோ கான்செர்டோ, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு தனி பியானோ வாசிக்கும் படைப்பு. 2019ல், 66 வயதில், முதல் ஆபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்): ஆண்டர்சனின் தேவதைக் கதையான பனி ராணி.

புதிதாகக் கேட்பவர் என்றால் 'லெட் மீ டெல் யூ'வில் தொடங்குங்கள். கடைசிப் பகுதியில் ஒஃபீலியா பனிக்குள் நடந்து போகிறாள், குரல் அடங்க அடங்க ஆர்கெஸ்ட்ராவும் கூடவே மெலிகிறது. இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.